லாகர் டின்னும் 50 கிராம் ஹாப்ஸும்

வீட்டில் முதன்முதலாக நொதிக்க வைத்த பீரில் ஒரு கிளாஸை ஊற்றிப் பெரியப்பாவிடம் கொடுத்தேன். பெங்களூர் மர்ஃபி டவுனில் இருக்கும் அவர், பீர் ஆலை ஒன்றில் பாட்டில் நிரப்பும் பிரிவில் 28 ஆண்டுகள் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார், நுரையை முகர்ந்தார், இரண்டு மடக்கு குடித்தார். "குறைன்னு ஒண்ணும் இல்லம்மா. ஹோட்டல் சாம்பார் மாதிரி இருக்கு" என்றார். சாம்பாருக்கு வேண்டிய எல்லாமே அதில் இருக்கிறது, ஆனால் எந்த வீட்டுச் சாம்பார் என்று கேட்டால் சொல்ல முடியாது என்பது அதன் பொருள். எனக்குக் கோபம் வந்தது. கிளாஸை வாங்கி நானும் முகர்ந்து பார்த்தேன். அவர் சொன்னது சரிதான் என்று தெரிந்ததும் கோபம் இன்னும் கொஞ்சம் கூடியது.

அந்தப் பீர், மெல்பர்னில் இருக்கும் தம்பி பெட்டியில் வைத்துக் கொண்டுவந்த, குளிரில் மெதுவாக நொதிக்கும் லாகர் வகைப் பீருக்கான ஒரு கிட்டிலிருந்து வந்தது. கிட் என்றால் பெரிதாக ஒன்றுமில்லை. 1.7 கிலோ எடையுள்ள ஒரு டின்னில், பாகு போலக் கெட்டியாக்கப்பட்ட மால்ட் சாறு, அதாவது முளைகட்டி உலர்த்திய பார்லியின் சாறு இருக்கும். பீருக்குக் கசப்பும் மணமும் தரும் ஹாப்ஸ் பூவின் கசப்பை அதில் ஏற்கெனவே சேர்த்திருப்பார்கள். மூடிக்கு அடியில் ஒரு சிறு பொட்டலம் உலர் ஈஸ்ட் இருக்கும். பாகைச் சுடுநீரில் கரைத்து, ஒரு கிலோ சர்க்கரை சேர்த்து, 23 லிட்டராகும் வரை தண்ணீர் ஊற்றி, ஈஸ்ட்டைத் தூவி மூடி வைத்தால், இரண்டு வாரத்தில் பீர். பிரிட்டனில் 1963இல் வீட்டுத் தயாரிப்புக்கான உரிமக் கட்டாயம் நீக்கப்பட்ட பிறகும், அமெரிக்காவில் 1978இல் அதற்கான வரிவிலக்குச் சட்டம் வந்த பிறகும், இப்படிப்பட்ட டின்கள் கடைத் தட்டுகளில் சாதாரணமாகக் கிடைக்கத் தொடங்கின. நம் நாட்டில் மது என்பது மாநிலங்களின் பட்டியலில் உள்ள விஷயம். வீட்டில் காய்ச்சுகிறவர்களுக்கென்று கர்நாடகத்தின் விதிகள் சிவப்புக் கம்பளம் எதையும் விரித்துவிடவில்லை. நான் ஒரு பாட்டிலைக்கூட விற்றதில்லை, விற்கப்போவதுமில்லை; இதைப் படித்து ஆசை கொள்பவர்கள் முதலில் அவரவர் ஊர் ஆயத்தீர்வை விதிகளைப் படித்துக்கொள்வது நல்லது.

பெரியப்பா சொன்ன குறைக்குக் காரணம் தேடியபோது டின்னை மறுபடியும் முகர்ந்து பார்த்தேன். சுடுநீர் ஊற்றி அலசிய காலி டின்னில் வெல்லப்பாகும் வறுத்த தானியமும் கலந்த வாசனை இருந்தது. நாக்கில் வைத்தால் நல்ல கசப்பும் இருந்தது. ஹாப்ஸின் வாசனை மட்டும் துளியும் இல்லை. இதில் யாருடைய தவறும் இல்லை. மால்ட் சாற்றைப் பாகாக்குவதற்கு அதிலுள்ள நீரை ஆவியாக்க வேண்டும். நீர் போகும்போது, எளிதில் ஆவியாகும் வாசனை எண்ணெய்களும் அதோடு போய்விடுகின்றன. கசப்பு அப்படிப் போவதில்லை. ஆக டின்னுக்குள் ஹாப்ஸின் பாதிதான் இருக்கிறது. மீதிப் பாதியைக் காய்ச்சுகிறவர்தான் கொண்டுவர வேண்டும். இந்த ஒரு விஷயம் எனக்குப் பிடிபட நான்கு வாளி பீர் ஆயிற்று.

ஹாப்ஸ் என்பது கஞ்சாச் செடியின் குடும்பத்தைச் சேர்ந்த ஒரு கொடி. அதன் பெண் கொடியில் விடும் கூம்பு வடிவப் பூக்களைத்தான் பறித்து உலர்த்திப் பயன்படுத்துகிறார்கள். நம் கைக்குப் பெரும்பாலும் பூவாக வராது. அரைத்து அழுத்திய பச்சைக் குச்சிகளாக, பெல்லட்டாகத்தான் வரும். முதல் பொட்டலத்தைப் பிரித்துத் தட்டில் கொட்டியபோது, எட்டிப் பார்த்த அம்மா, "மாட்டுத் தீவனம் எதுக்கு வாங்கினே?" என்று கேட்டார். பார்வைக்கு அப்படியேதான் இருக்கும். ஆனால் ஒரு பெல்லட்டை இரு விரலுக்கு நடுவே வைத்து நசுக்கிப் பாருங்கள். பச்சைத் தூளுக்குள் மஞ்சளாக ஒரு பிசுக்கு விரலில் ஒட்டும். எலுமிச்சை இலையையும் மிளகையும் வெட்டிய புல்லையும் ஒன்றாகக் கசக்கினாற்போல ஒரு மணம் எழும். அந்த மஞ்சள் பிசுக்கின் பெயர் லூபுலின். அதில் பிசினாக இருக்கும் ஆல்ஃபா அமிலங்கள், நீரில் நெடுநேரம் கொதிக்கும்போது உருமாறிக் கரைந்து கசப்பைத் தருகின்றன. அதே பிசுக்கில் இருக்கும் மிர்சீன், ஹியூமுலீன், லினலூல் போன்ற எண்ணெய்கள் வாசனையைத் தருகின்றன. அவை கொதியில் நிற்பதில்லை. கசப்பு வேண்டுமென்றால் கொதிக்க வேண்டும், மணம் வேண்டுமென்றால் கொதிக்கக் கூடாது.

இது தெரிவதற்கு முன் நான் செய்ததைச் சொல்லியாக வேண்டும். இரண்டாவது டின்னுக்கு, அமெரிக்க வகையான கேஸ்கேட் ஹாப்ஸ் 50 கிராம் வாங்கினேன். அதிக நேரம் கொதித்தால் அதிகச் சாரம் இறங்கும் என்று, கஷாயம் வைக்கிற புத்தியோடு, மூன்று லிட்டர் வெறும் தண்ணீரில் 50 கிராமையும் போட்டு ஒரு மணி நேரம் கொதிக்க விட்டேன். சமையலறை முழுக்க மணந்தது; பக்கத்து வீட்டுக்காரர் வந்து என்ன சமையல் என்று கேட்கும் அளவுக்கு மணந்தது. வடிகட்டி வாளியில் ஊற்றி, ஈஸ்ட் போட்டு, மூன்று வாரம் கழித்துப் பாட்டிலைத் திறந்தால், நிலவேம்புக் குடிநீரில் சோடா கலந்தாற்போல இருந்தது. வாசனையோ முதல் வாளியில் இருந்த அளவுக்குத்தான் இருந்தது. பெரியப்பா ஒரு மடக்கோடு கிளாஸைக் கீழே வைத்துவிட்டு, "சுகருக்கு நல்லதா இது?" என்று கேட்டார்.

அன்றிரவு உட்கார்ந்து கணக்குப் போட்டேன். நான் பகலில் மருந்து ஆலை ஒன்றின் தரக்கட்டுப்பாட்டு ஆய்வகத்தில் வேலை பார்ப்பவள். காய்ச்சுவதற்கு முன்பே போட்டிருக்க வேண்டிய கணக்கு அது. பீரின் கசப்பை ஐபியு என்ற அலகில் சொல்வார்கள். ஒரு லிட்டரில், உருமாறிய ஆல்ஃபா அமிலம் எத்தனை மில்லிகிராம் என்பதுதான் ஏறக்குறைய அதன் பொருள். கேஸ்கேடில் ஆல்ஃபா அமிலம் 6 சதவீதம் என்று வைத்துக்கொண்டால் 50 கிராமில் 3 கிராம் இருக்கும். ஒரு மணி நேரக் கொதியில் அதில் கால் பங்கு உருமாறிக் கரையும் என்று கொண்டால் 750 மில்லிகிராம். 23 லிட்டருக்குப் பங்கிட்டால் லிட்டருக்கு 32, 33. சிறிய பாத்திரத்தில் கரைவதற்கு ஓர் எல்லை இருப்பதால் உண்மையில் அதைவிடக் குறைவாகத்தான் இறங்கியிருக்கும். ஆனால் லாகர் டின் தன் பங்குக்கு 20-ஐ ஒட்டிய கசப்பை ஏற்கெனவே வைத்திருக்கிறது. அதன் தலையில் அதே அளவையோ அதற்கு மேலேயோ நான் ஏற்றி வைத்திருந்தேன். போதாக்குறைக்கு, மால்ட் கரைசலில் இருக்கும் இலேசான அமிலத்தன்மை வெறும் தண்ணீரில் இல்லை. அமிலத்தன்மை குறைந்த நீரில் கொதித்தால் இலையின் துவர்ப்பும் சேர்ந்து இறங்கும். நாக்கின் அடியில் நின்ற அந்தக் காறல் அதனால் வந்தது. நம் ஊர் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 900 மீட்டர் உயரத்தில் இருப்பதால் தண்ணீர் 97 டிகிரியிலேயே கொதித்துவிடுகிறது. கசப்பு இறங்குவது கடற்கரை ஊரைவிடக் கொஞ்சம் மெதுவாகத்தான் நடந்திருக்கும். அந்தச் சலுகையும் என்னைக் காப்பாற்றவில்லை.

கணக்கு கசப்பைத்தான் விளக்கியது. வாசனை எங்கே போயிற்று என்பதை அம்மாதான் விளக்கினார், அதுவும் என் பீரைப் பற்றிப் பேசாமலே. மறுநாள் காலை ரசம் வைத்துக்கொண்டிருந்தபோது, நேரமாகிறது என்று நான் கொத்தமல்லியைப் புளித்தண்ணீரோடு சேர்த்துப் போடப் போனேன். அவர் கையைத் தட்டிவிட்டார். "இப்பவே போட்டா அதுல என்னடி மிஞ்சும்? நுரை கட்டி வரட்டும், இறக்கிட்டுப் போடு, மூடி வை." இருபது வருடமாக நானும் அப்படித்தான் ரசம் வைக்கிறேன். புளி கொதிக்க வேண்டும், பருப்புத் தண்ணீர் விட்ட பிறகு நுரைத்து வர வேண்டுமே தவிரக் கொதிக்கக் கூடாது, இலை கடைசியில்தான் போக வேண்டும் என்பதெல்லாம் கைக்குத் தெரியும். அந்தக் கைதான் முந்தின மாதம் ஐம்பது கிராம் வாசனையை ஒரு மணி நேரம் கொதிக்க வைத்துப் பக்கத்து வீட்டுக்கு அனுப்பியிருந்தது. வீடு மணந்தால் பீரில் மணம் குறைகிறது என்பதை அதற்குப் பிறகு நான் மறந்ததில்லை.

மறக்கவில்லையே தவிர, மூன்றாவது வாளியில் அதையே வேறு விதமாகச் செய்தேன். கொதிக்க வைக்காமல், 40 கிராம் பெல்லட்டை ஈஸ்ட்டோடு சேர்த்து முதல் நாளே வாளியில் போட்டுவிட்டேன். நொதித்தல் மும்முரமாக நடக்கும் நான்கைந்து நாளில் வாளியிலிருந்து கரியமில வாயு லிட்டர் லிட்டராக வெளியேறும். வாயுவை வெளியே மட்டும் விடும் ஏர்லாக் அடைப்பான் குமிழியிட்ட ஒவ்வொரு முறையும் அறையில் எலுமிச்சை மணம் வீசியது. நான் அருகில் உட்கார்ந்து ரசித்துக்கொண்டிருந்தேன். எஞ்சிய மணத்தில் ஒரு பகுதி ஈஸ்ட் செல்களில் ஒட்டிக்கொண்டு வண்டலோடு அடியில் தங்கிவிட்டது. முந்தினதைவிட நிச்சயமாக மேல்தான். ஆனாலும் 40 கிராமுக்கு உரிய மணம் கிளாஸில் இல்லை.

இதற்கிடையில் எந்த ஹாப்ஸ் என்ற கேள்வியும் வந்தது. கேஸ்கேட், 1972இல் அமெரிக்காவில் வெளியிடப்பட்ட வகை. அதன் பம்பளிமாஸ் வாசனை, சாதாரண அறைச் சூட்டில் நொதிக்கும் எயில் வகைப் பீர்களுக்குப் பிரமாதமாகப் பொருந்தும். இந்திராநகரிலும் ஒயிட்ஃபீல்டிலும் உள்ள மைக்ரோபிரூவரிகளில், அதாவது அங்கேயே பீர் காய்ச்சி ஊற்றும் கடைகளில், எயில் குடித்துப் பழகியவர்களுக்கு ஹாப்ஸ் என்றாலே அந்த வாசனைதான் நினைவுக்கு வரும். லாகருக்கு என்று வந்தால் நான் பழமைவாதி. 1842இல் செக் நாட்டின் பில்சென் நகரில், ஜோசப் கிரோல் என்ற பவேரியர், பொன்னிறமான முதல் பில்ஸ்னர் லாகரைக் காய்ச்சியபோது போட்டது அந்த நாட்டுச் சாஸ் ஹாப்ஸ்தான். ஆல்ஃபா அமிலம் மூன்று, நான்கு சதவீதம்தான் என்பதால் கசப்பைப் பற்றி அவ்வளவு பயப்பட வேண்டியதில்லை. மணமோ அடங்கிய மணம், காய்ந்த புல்லும் கொஞ்சம் மிளகும் ஏதோ ஒரு பூவும் சேர்ந்தது. ஜெர்மனியின் ஹாலர்டாவ், டெட்னாங் வகைகளும் இதே குணம் உள்ளவை. இமாச்சலத்தின் லாஹௌல் பள்ளத்தாக்கிலும் ஹாப்ஸ் விளைகிறது. கோடையில் நெடும்பகல் வேண்டும் கொடி அது, நம் பக்கத்தில் சரியாகப் பூக்காது. ஆசைப்பட்டு மாடித் தோட்டத்தில் வைக்க வேண்டாம்.

நான்காவது வாளிக்கு வருகிறேன். முதலில் சர்க்கரையைக் குறைத்தேன். ஒரு கிலோ சர்க்கரையும் ஈஸ்ட்டுக்கு இரையாகிச் சாராயமாக மாறிவிடும்; குடிப்பவர் வாயில் கனம் என்று எதுவும் நிற்காது. அப்படித் தண்ணீராக இருக்கும் பீரில் ஹாப்ஸைச் சேர்த்தால், பருப்பில்லாத ரசத்தில் மிளகு போல அது தனியாக நிற்கும். அதனால் 500 கிராம் வெளிர் மால்ட் பொடியும் 300 கிராம் டெக்ஸ்ட்ரோஸ் என்ற குளுக்கோஸ் சர்க்கரையும் எடுத்துக்கொண்டு, அளவையும் 23 லிட்டரிலிருந்து 21-ஆகக் குறைத்தேன். மால்ட் பொடிக்குப் பதிலாக ஹார்லிக்ஸ் போடலாமே என்று அலுவலகத்தில் ஒருவர் உண்மையாகவே யோசனை சொன்னார். அதில் பால் பொருள் இருக்கிறது, கொழுப்பு இருக்கிறது. பீரின் நுரைக்குக் கொழுப்பு பரம எதிரி.

மூன்று லிட்டர் தண்ணீரில் மால்ட் பொடியைக் கரைத்து அடுப்பில் வைத்தேன். பால் பொங்குவதைப் போலவே இதுவும் சட்டென்று பொங்கும். கரண்டியோடு நின்றுகொண்டே இருக்க வேண்டும். பத்து நிமிடம் கொதித்ததும் அடுப்பை அணைத்து, வெப்பமானியில் 80 டிகிரிக்கு இறங்கும் வரை காத்திருந்தேன். அந்தச் சூட்டில் ஆல்ஃபா அமிலம் உருமாறுவது வெகு மெதுவாகத்தான் நடக்கும். எண்ணெய்கள் மட்டும் கலக்கும். எடுத்துவைத்திருந்த 50 கிராம் சாஸ் பெல்லட்டில் 30 கிராமைப் பழைய இட்லித் துணி ஒன்றில், நன்றாக ஊறி உப்புவதற்கு இடம் விட்டுத் தளர்வாக முடிந்து, உள்ளே இறக்கி மூடி வைத்தேன். மூடி வைத்தது முக்கியம். இருபது நிமிடம். பிறகு மூட்டையை வெளியே எடுத்து வடியவிட்டு, ஒட்டப் பிழியாமல் விட்டுவிட்டேன். பிழிந்தால் துவர்ப்பு இறங்கும். கரைசலில் டின் பாகைச் சேர்த்துக் கலக்கி, வாளியில் ஊற்றிக் குளிர்ந்த நீரால் நிரப்பினேன். இட்லித் துணி பச்சை நிறமாகிவிட்டது. எத்தனை முறை அலசியும் அந்த மணம் போகவில்லை. அம்மா அதை இட்லிப் பானைப் பக்கமே விடவில்லை. இப்போது அது ஹாப்ஸ் துணி.

தண்ணீரைப் பற்றி ஒரு வார்த்தை. எங்கள் குடியிருப்பில் காவிரித் தண்ணீரும் ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரும் ஒரே தொட்டியில் கலந்து வரும். சுமார் 100 கிலோமீட்டருக்கு அப்பாலிருந்து மேடேற்றிக் கொண்டுவரப்படும் காவிரியில் குளோரின் இருக்கும். கிணற்று நீரில் உப்பு இருக்கும். குளோரின், மால்ட்டிலும் ஹாப்ஸிலும் உள்ள ஃபீனால்களோடு சேர்ந்தால் பீரில் மருத்துவமனை வாடை வரும். காரத்தன்மை மிகுந்த கடினநீர் ஹாப்ஸின் கசப்பை முரடாக்கும். பில்சென் நகரத்தின் தண்ணீர் மிக மென்மையானது என்பது அந்தப் பீரின் வெற்றியில் பெரும்பங்கு. நாம் செய்யக்கூடியது எளிது: 20 லிட்டர் கேன் தண்ணீர். மால்ட் சாற்றில் அதைத் தயாரித்த ஊர்த் தண்ணீரின் தாதுக்கள் ஏற்கெனவே இருப்பதால், உப்பு நீக்கிய நீரே போதும்.

சூடுதான் பெங்களூரில் பெரிய தலைவலி, இந்த ஊரைக் குளிர்ந்த ஊர் என்று இன்னும் நம்புகிறவர்களுக்கு அது தெரியாது. லாகர் ஈஸ்ட்டுக்கு 10 முதல் 14 டிகிரி வேண்டும். பல லாகர் டின்களோடு வரும் ஈஸ்ட், சாதாரண அறைச் சூட்டுக்கு ஈடுகொடுக்கும் எயில் ஈஸ்ட் என்பது எனக்குப் பிற்பாடுதான் தெரிந்தது. ஏப்ரலில், 28 டிகிரி அறையில், அந்த ஈஸ்ட் என் முதல் வாளிக்கு வாழைப்பழ வாசனையைக் கொடுத்தது. சாஸ் போன்ற அடங்கிய ஹாப்ஸ் வாழைப்பழத்தோடு போட்டி போட முடியாது. ஹாப்ஸ் மணக்க வேண்டுமானால் ஈஸ்ட் வாயை மூடிக்கொண்டிருக்க வேண்டும். அதனால் டின்னோடு வந்த பொட்டலத்தை ஒதுக்கிவிட்டு, 34/70 என்ற ஜெர்மானிய லாகர் ஈஸ்ட் இரண்டு பொட்டலம் போட்டேன். பழைய ஃபிரிட்ஜ் ஒன்றின் தட்டுகளைக் கழற்றிவிட்டு வாளியை உள்ளே வைத்து, வெளியே ஒரு வெப்பக் கட்டுப்பாட்டுக் கருவியை மாட்டி 12 டிகிரியில் நிறுத்தினேன். ஃபிரிட்ஜ் இல்லாதவர்கள் டிசம்பர், ஜனவரியில் பெரிய டப்பில் தண்ணீர் விட்டு, வாளியை அதில் நிறுத்தி, காலையும் மாலையும் ஐஸ் பாட்டில் மாற்றலாம். நானும் ஒரு முறை செய்திருக்கிறேன். முதுகு வலிக்கும், ஆனால் நடக்கும்.

பதினோராம் நாள், கரைசலின் அடர்த்தியைக் காட்டும் ஹைட்ரோமீட்டர் 1.038-லிருந்து 1.012-க்கு இறங்கியிருந்தது. லாகர் ஈஸ்ட் கடைசியில் விட்டுவைக்கும் வெண்ணெய் வாடையை அதுவே தின்று தீர்ப்பதற்காக, இந்தக் கட்டத்தில் சூட்டை 17 டிகிரிக்கு ஏற்றுவது வழக்கம். அந்த நாளைத்தான் மீதி 20 கிராமுக்குத் தேர்ந்தெடுத்தேன். வாயு வெளியேறும் வேகம் அடங்கிவிட்டது, மணத்தை அள்ளிக்கொண்டு போக ஆளில்லை. அதே சமயம் மூடியைத் திறக்கும்போது புகும் ஆக்சிஜனைத் தின்ன ஈஸ்ட் இன்னும் விழித்திருக்கிறது. இன்னொரு துணியில் பெல்லட்டைப் போட்டு மூட்டையாகக் கட்டினால் அது மிதக்கும்; மிதந்தால் பாதி காய்ந்தே கிடக்கும். அண்ணன் மகனிடமிருந்து ஐந்து கோலிக்குண்டுகளை வாங்கிக் கொதிக்க வைத்து, மூட்டைக்குள் போட்டதும் மெதுவாக அமிழ்ந்தது. கோலிகளைத் திருப்பித் தருவதாகச் சொல்லியிருந்தேன், இன்னும் தரவில்லை. கொதிக்காத ஹாப்ஸைப் பீரில் போடுவதால் கெட்டுப்போகாதா என்று கேட்பவர்களுக்கு: லாக்டோபாசில்லஸ் போன்ற, பீரைப் புளிக்க வைக்கும் பாக்டீரியாக்களை ஹாப்ஸே அடக்கும். துணி, கோலி, கை, கரண்டி இவற்றைப் பற்றித்தான் கவலைப்பட வேண்டும்.

நான்கு நாளில் மூட்டையை எடுத்துவிட்டு, சூட்டைப் படிப்படியாக 3 டிகிரிக்கு இறக்கி மூன்று வாரம் வைத்தேன். 650 மில்லி பழுப்பு பாட்டில்கள் முப்பது, பாட்டிலுக்கு மட்டமாக ஒரு டீஸ்பூன் சர்க்கரை, மூடி. இதில் ஒரு எச்சரிக்கை உண்டு. ஹாப்ஸில் இருக்கும் நொதிகள், ஈஸ்ட்டால் தின்ன முடியாத மாவுச்சத்தின் எச்சத்தையும் உடைத்துக் கொடுக்கும். முடிந்துவிட்டது என்று நாம் நினைத்த நொதித்தல் மறுபடி மெல்ல நகரும். ஹைட்ரோமீட்டர் மூன்று நாள் ஒரே எண்ணைக் காட்டும் வரை பாட்டிலில் அடைக்கக் கூடாது. மூன்றாவது வாளியில் அவசரப்பட்டு அடைத்ததில், இரண்டு பாட்டில்கள் திறந்ததுமே கூரை வரைக்கும் பீய்ச்சின; மின்விசிறி இறக்கையில் அந்தக் கறை இன்னும் இருக்கிறது.

பெரியப்பா நான்காவது வாளியின் பாட்டிலைத் தன் வீட்டுத் திண்ணையில் வைத்துத் திறந்தார். இந்த முறை வெளிச்சத்தில் தூக்கிப் பார்க்கவில்லை. முகர்ந்தவர் முகர்ந்துகொண்டே இருந்தார். "ஆலையில ஹாப்ஸ் மூட்டை பிரிக்கிற ரூம் ஒண்ணு இருந்துது. கதவைத் திறந்தா இப்படித்தான் இருக்கும். பாட்டில்ல வந்ததில்ல" என்றார். கசப்பு டின்னில் இருந்ததைவிடப் பெரிதாகக் கூடவில்லை. ஆனால் கூடியதுபோல நாக்கு நினைத்துக்கொண்டது. மணத்துக்கு அந்தச் சக்தி உண்டு.

அந்தப் பாராட்டு தலைக்கேறி, ஐந்தாவது வாளியில் 120 கிராம் போட்டேன். வெட்டிய புல்லைத் தண்ணீரில் ஊறவைத்த சுவை. சாஸ் போன்ற ஹாப்ஸில் எண்ணெய் குறைவு, இலை அதிகம். அளவைக் கூட்டக் கூட்ட மணத்தைவிட இலைச்சாறுதான் வேகமாகக் கூடுகிறது. 21 லிட்டர் லாகருக்கு, ஊறவைக்க 30, பின்னால் போட 20, ஆக 50 கிராம் என்பதில் இப்போது நிலையாக நிற்கிறேன். இன்னொரு வாளி வீணானதற்கு வேறு காரணம். இணையத்தில் வாங்கிய பொட்டலத்தில் காற்றுப் புகுந்திருந்தது. பெல்லட்டுகள் பச்சை மாறிப் பழுப்பாகி, நாள்பட்ட சாக்ஸ் வாடை அடித்தன. பொட்டலத்தைப் பிரித்ததும் மூக்கு சொன்னதைக் கேட்காமல், விலை கொடுத்து வாங்கியாயிற்றே என்று போட்டேன். விற்றவர் பணத்தைத் திருப்பித் தரவில்லை. இப்போதெல்லாம் வந்ததும் பிரித்து முகர்ந்து பார்த்துவிட்டு, காற்றை வெளியேற்றிக் கட்டி, ஃப்ரீஸரில் மீன் பொட்டலத்துக்கு எட்டத்தில் வைக்கிறேன்.

நான்காவது வாளியில் இரண்டு பாட்டில்களைப் பெரியப்பா யாருக்கும் சொல்லாமல் பரண்மேல் ஒளித்து வைத்திருந்தார். பிப்ரவரியில் அடைத்த பாட்டில்கள், தீபாவளிக்கு இறக்கினார். நுரை நன்றாக இருந்தது, தெளிவு இன்னும் நன்றாக இருந்தது. கிளாஸை மூக்கருகே கொண்டுபோனவர் என்னைப் பார்த்தார். எட்டு மாதமும் ஒரு கோடையும் பரண்மேல் இருந்ததில் மணம் முழுக்கப் போய்விட்டிருந்தது. முதல் வாளியின் ஹோட்டல் சாம்பார் திரும்ப வந்திருந்தது. அவர் ஒன்றும் சொல்லாமல் குடித்து முடித்தார். இந்த டிசம்பர் வாளியில் அவர் பங்குக்கான ஆறு பாட்டில்களின் மூடியிலும் மார்க்கர் பேனாவால் தேதியைப் போட்டு, கீழே "மார்ச்சுக்குள்" என்று எழுதிக் கொடுத்திருக்கிறேன்.